திருவாளர் லேபிள் கைதட்டிய இடம்

கச்சேரியில் தூங்குகிறவர்களை உங்களுக்குத் தெரியும். தொடையில் தப்புத்தாளம் போட்டுப் பக்கத்துத் தொடையையும் சேர்த்துத் தட்டுகிறவர்களைத் தெரியும். நடுவில் எழுந்து, வரிசையில் உள்ள அத்தனை முழங்கால்களையும் இடித்துக்கொண்டு வெளியே போய், போன வேலை முடிந்ததும் அதே முழங்கால்களை இடித்துக்கொண்டு திரும்பி வருகிறவர்களையும் தெரியும். இவர்களால் பெரிய கெடுதல் ஒன்றும் கிடையாது. ஆனால் வகைசொல்லி என்று ஓர் இனம் இருக்கிறது. அது எப்போதும் உங்களுக்கு அடுத்த நாற்காலியில்தான் உட்காரும். மேடையில் தபலாக்காரர் விரலை வைத்துப் பாதி விநாடிகூட ஆகியிருக்காது, உங்கள் காதோரம் சூடாக ஒரு மூச்சு வரும்: "காயிதா!"

நீங்கள் கேட்டீர்களா? இல்லை. கேட்காமலே கிடைக்கும். "என்னங்க?" என்று மரியாதைக்குத் திரும்பிப் பார்த்துவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். காயிதா என்றால் என்ன, அதற்கும் ரேலாவுக்கும் என்ன வித்தியாசம், துக்டா எங்கே முடியும், சக்கரதார் எங்கே முடியாது என்று எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் மேடையில் தபலாக்காரர் உறை போட்டு மூடிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். நீங்கள் கேட்டது தபலா இல்லை, தபலாவின் பொருளடக்கம்.

இந்த இனத்துக்கு ஒரு நல்ல மாதிரி வேண்டுமென்றால், நம்முடைய மருந்துக்கடைக்காரரைப் பார்த்தால் போதும். கடையில் தரையிலிருந்து கூரைவரை இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு லேபிள். காய்ச்சலுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, மனக்கவலைக்கு ஒன்று. ஒருவர் கடை வாசலில் நின்று இருமினால், இருமல் முடிவதற்குள் இவர் கை எந்த இழுப்பறைக்குப் போக வேண்டுமோ அங்கே போய்விடும். பெயர் ஒட்டாத பொருளைப் பார்த்தால் உடனே பேனாவைத் தேடுவார். இப்படிப்பட்டவர் ஒரு நாள் தபலா கற்றுக்கொள்ளப் போனால் என்ன ஆகும்?

டயர் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. அங்கேதான் வகுப்பு. சொல்லிக்கொடுப்பவர் ஒரு பெண்மணி. எல்லோருக்கும் டீச்சர். அதிகம் பேச மாட்டார், வாசித்துக் காட்டுவார். நம்மவர் வாசிக்க மாட்டார், அதிகம் பேசுவார்.

"டீச்சர், இப்ப வாசிச்சீங்களே, இது எந்த வகைங்க?"

"முதல்ல கையில வரட்டும். பேரு அப்புறம் பார்த்துக்கலாம்."

"பேரு தெரியாம எப்படி டீச்சர் கையில வரும்?"

டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டுப் பெயரைச் சொல்வார். இவர் முகம் மலரும். அன்றைய பாடம் அத்துடன் முடிந்தது. இப்படியே மாதங்கள் போயின. இடது கை, மூட்டை இறக்குகிற மாதிரி விழுந்தது. வலது கை விழவே யோசித்தது. ஆனால் பெயர்களோ, ஒன்று விடாமல் மண்டைக்குள் இறங்கிவிட்டன. இனிக் கற்றுக்கொள்ள ஒன்றும் பாக்கியில்லை என்று அவருக்கே தோன்றியதும் வகுப்பிலிருந்து நின்றுகொண்டார். உடன் படித்தவர்கள் அவருக்கு லேபிள் என்று பெயர் வைத்து வழியனுப்பினார்கள். பெயர் வைத்தார்கள் என்பதில் அவருக்கு ஒரே சந்தோஷம்.

அன்றிலிருந்து வீட்டில் எது நடந்தாலும் வகைதான். கட்டிலில் ஈரத்துண்டைப் போட்டுவிட்டார் என்று மனைவி ஆரம்பிப்பார்: "எத்தனை தடவை நீங்க ஈரத்துண்டைக் கட்டில்ல? கட்டில்ல ஈரத்துண்டை எத்தனை தடவை? நீங்க, நீங்க, கட்டில்ல, எத்தனை தடவை ஈரத்துண்டை?" லேபிள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். "சுத்தமான காயிதா. எடுத்துக்கிட்டது அஞ்சே வார்த்தை. அதையேதான் மாத்தி மாத்திப் போடறே. வெளியிலேர்ந்து ஒரு வார்த்தை உள்ள வரலை பாரு! அதான் காயிதாவோட கட்டுப்பாடு." துண்டு கட்டிலில்தான் கிடக்கும்.

மருந்து கம்பெனிப் பிரதிநிதி கடைக்கு வந்து, மூச்சு விடாமல், எந்த வார்த்தை எங்கே முடிகிறது என்று தெரியாதபடி கொட்டிவிட்டுப் போனால், அது ரேலா. மனைவியின் அண்ணன் தொலைபேசியில், "வெச்சிடறேன், வெச்சிடறேன், வெச்சிட்டேன்" என்று சொல்லி, மூன்றாவதில் டக்கென்று இணைப்பு அறுந்தால், அது திஹாய். ஒரே துண்டை மூன்று தடவை சொல்லி, மூன்றாவதின் கடைசி அடியைச் சம்மில், அதாவது தாளம் புதிதாகத் தொடங்குகிற முதல் அடியில், குறி தவறாமல் போடுவது. சின்னதாக ஒரு சமாசாரம், வால் பக்கத்தில் ஒரு திஹாய், அவ்வளவுதான் ஆள் என்றால் அது துக்டா. விருந்தாளிகள் விடைபெறுவது இருக்கிறதே, அதுதான் சக்கரதார். சோபாவில் உட்கார்ந்தபடி மூன்று தடவை "அப்ப கிளம்பறோம்" என்பார்கள். முடிந்தது என்று நீங்கள் எழுந்தால் ஏமாந்தீர்கள். வாசற்படியில் முழுக் கதையும் மறுபடி, மறுபடி மூன்று "கிளம்பறோம்". கேட்டில் இன்னொரு முறை. அங்கே சொல்கிற கடைசிக் "கிளம்பறோம்" எதுவோ அதில்தான் வண்டி கிளம்பும்.

இவ்வளவு அழகாக விளக்கத் தெரிந்த மனிதர் எங்கே போய் விழுந்தார் என்பதுதான் விஷயம்.

அவர் தொடாமல் விட்ட தபலா வீட்டு மூலையில் துணி மூடிக் கிடந்தது. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். ஒரு நாள் தூசி தட்டப் போனார். விரல் பட்டது. அது 'தா' என்றது. இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் டயர் கடை மாடிப்படி ஏறினார். அதற்கப்புறம் இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவருக்குப் பெயர்களில் ஒரு பிடிப்பும் இல்லை. "அந்தச் சின்னது", "அந்த ஓடறது", "டீச்சர் போன வாரம் குடுத்த நீளமானது" என்றுதான் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் லேபிளுக்குப் பல் வலிக்கிற மாதிரி இருக்கும்.

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அம்மையார் சாதகம் செய்வார். லேபிள் குளியலறையில் முகச்சவரம். வகுப்பின் ஆண்டு விழாவுக்காக டீச்சர் கொடுத்திருந்த அந்த நீளமானதைத்தான் அம்மையார் வாசிப்பார். போகும், வளையும், ஓடும், கடைசியில் ஒரே துண்டு மூன்று தடவை வந்து ஒரு 'தா'வில் நிற்கும். நின்றதுதான் தாமதம், நுரை வழிகிற வாயோடு உள்ளேயிருந்து தீர்ப்பு வரும்: "துக்டா! பிரமாதம்!"

"இன்னும் இருக்குங்க."

"எங்க இருக்கு? அதான் திஹாய் வந்தாச்சே. முடிஞ்சிடுச்சு."

சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து முகம் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு கடை திறக்கப் போய்விடுவார். மீதியை அம்மையார் சலவை இயந்திரத்துக்கு வாசித்துக் காட்டுவார். அது பாவம், பெயர் கேட்காது.

கவனித்தீர்களா? வகைசொல்லியின் காது ஒரு விசித்திரமான காது. பெயர் கிடைக்கும்வரை அகலத் திறந்திருக்கும், கிடைத்ததும் மூடிக்கொள்ளும். ஒருவர் இரண்டு மூன்று வரி பேசியதுமே, "ஓகோ, இவர் அந்த மாதிரி ஆள்" என்று முடிவு கட்டிவிட்டு, மீதிப் பேச்சு முழுவதும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பவர்களை நீங்கள் பார்த்ததில்லையா? அதே காதுதான்.

வகுப்பின் ஆண்டு விழா வந்தது. பள்ளிக்கூடம் ஒன்றின் மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலிகள், மாலை நேரம். கடைசி நிகழ்ச்சியாக அம்மையாரின் தனி வாசிப்பு. முதல் தடவை. காலையிலிருந்தே அவர் ஓரிடத்தில் உட்காரவில்லை. புடவையை மடித்து வைத்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு கணவரை நாற்காலியில் உட்கார வைத்து எதிரே நின்றார்.

"உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் வாசிக்கிறப்ப வாயைத் திறக்காதீங்க."

"நான் என்ன பண்ணிடப் போறேன்?"

"போன வருஷ விழாவுல உங்க பக்கத்துல உட்கார்ந்த நர்ஸ் இன்னும் என்னைப் பாத்தா காதைத் தேய்க்கிறா. நாள் பூரா இருட்டு ரூம்ல நின்னு அடுத்தவங்க எலும்பைப் பாத்துக்கிட்டிருக்கேன். என்னை நாலு பேரு பாக்கப்போறது இன்னிக்குத்தான். இந்த ஒரு சாயங்காலத்தை எனக்குக் குடுத்துடுங்க."

லேபிள் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெண்டாட்டி மேல் அவருக்கு உயிர். "உன் மேல சத்தியமா வாயே திறக்க மாட்டேன்."

"என் மேல வேணாம். ஆஸ்பத்திரியில சொல்ற மாதிரி சொல்றேன், கேட்டுக்கங்க. மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. நான் முடிச்ச அப்புறம் விடலாம்."

லேபிளுக்கு முன்வரிசையில் இடம். ஒரு பக்கம் மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். இன்னொரு பக்கம் அந்த நர்ஸ். போன வருஷத்து அனுபவத்தால் அவர் நாற்காலியைச் சற்றுத் தள்ளியே போட்டிருந்தார். மேடையில் ஹார்மோனியக்காரர் ஒரு சின்ன மெட்டை எடுத்தார். அது திரும்பத் திரும்ப அதே மெட்டுத்தான், சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். வாசிக்கிறவருக்குத் தாளம் எங்கே இருக்கிறது என்று சொல்கிற மணிக்கூண்டு அதுதான். மேடை ஓரத்தில் டீச்சர் கையால் தாளம் போட்டார். அம்மையார் கும்பிட்டார், கையை வைத்தார்.

காயிதா! லேபிளின் உதடு துடித்தது. கடித்துக்கொண்டார். காது சிவந்தது, கழுத்து புடைத்தது, கண்ணில் நீர் கோத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் அன்றைக்கு வாயைத் திறந்திருக்க மாட்டார். மச்சான் சும்மா இருந்திருந்தால்.

"மாப்ள, எப்ப கைதட்டணும்? ஏடாகூடமா தட்டித் தங்கச்சிக்கு அவமானமாயிடப் போகுது."

இதற்கு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். பெண் கொடுத்த வீட்டு மூத்த ஆள், நல்ல மனசோடு ஒரு கேள்வி கேட்கிறார். பதில் சொல்லாமல் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்? தவிர, வாயைத் திறக்க மாட்டேன் என்றுதானே சத்தியம்? கிசுகிசுப்பது எப்படித் திறப்பது ஆகும்? லேபிள் உதட்டைத் திறக்காமல் திறந்தார்.

"ஒரே துண்டு மூணு தடவை வரும் மச்சான். மூணாவது தடவை 'தா' விழுந்ததும் தட்டுங்க. அதான் முடிவு."

வந்தது. மூன்றாவது 'தா' கச்சிதமாகச் சம்மில் விழுந்தது. மச்சான் தட்டினார், மச்சானைப் பார்த்து வரிசையே தட்டியது. மேடையில் அம்மையார் சட்டென்று நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். ஆகா! அந்தச் சிரிப்பு லேபிளின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தான் வாயைத் திறந்ததால் கெடுதலா, நன்மையா? பார்த்துக்கொள்ளுங்கள்!

அடுத்த வரிசைக்காரர் ஒருவர் பின்னாலிருந்து எட்டி, "சார், எங்களுக்கும் சொல்லுங்க" என்றார். அடுத்து வந்தது ரேலா. லேபிள் இப்போது திரும்பி உட்கார்ந்து விரலால் எண்ணிக் காட்ட ஆரம்பித்துவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று, தட்டுங்க! இரண்டு வரிசைகள் ஒரே சமயத்தில் தட்டின. நர்ஸ்கூட நாற்காலியை இழுத்து அருகே போட்டுக்கொண்டார். லேபிளுக்கு வாயெல்லாம் பல். தலைகால் புரியவில்லை. வாழ்நாளில் இவ்வளவு பேர் அவர் பேச்சைக் கேட்டதே இல்லை.

கடைசி உருப்படி. இரண்டு அடி விழுந்ததுமே லேபிளுக்குத் தெரிந்துவிட்டது. "துக்டா. எங்க வீட்டுல தினம் கேக்கறதுதான். இதோட நிகழ்ச்சி முடிஞ்சிடும். எல்லாரும் எழுந்து நின்னு தட்டிடலாம்." வளைந்தது, ஓடியது, துண்டு வந்தது. ஒரு விரல். இரண்டு விரல். மூன்று விரல். 'தா!'

லேபிள் துள்ளி எழுந்து தட்டினார். மூன்று வரிசைகள் எழுந்து தட்டின. மச்சான் வாயில் இரண்டு விரலை விட்டு ஒரு சீட்டி அடித்தார் பாருங்கள், மண்டபமே அதிர்ந்தது.

அந்த 'தா' சம்மில் விழவில்லை. விழக் கூடாது. ஹார்மோனிய மெட்டு பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. அதைக் கேட்டிருந்தால் ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட இது முடிவில்லை என்று தெரிந்திருக்கும். நம்மவர் எண்ணியது மூன்று விரலைத்தான். தாளத்தை யார் எண்ணினார்கள்? அம்மையார் கை தபலாவுக்கு மேலே, விட வேண்டிய இடைவெளியை விட்டபடி, தூக்கிய நிலையில் இருந்தது. கைதட்டலில் மெட்டு மூழ்கிப்போய்விட்டது. ஹார்மோனியக்காரரின் விரல் அசைவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. அம்மையார் தலையைத் தூக்கி நேரே கணவரைப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கிறவர் பார்வை அல்லவா, முதுகெலும்புவரை போய் நின்றது.

உடனே கண்ணைத் திருப்பி டீச்சரின் கையைப் பார்த்தார். அந்தக் கை விழுந்து எழுகிற கணக்கில், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

லேபிளின் முகத்தில் ஈயாடவில்லை. முழு உருப்படியும் மூன்று தடவை வரும். விருந்தாளி இன்னும் சோபாவை விட்டே எழவில்லை. இத்தனை மாதமாகக் காலையில் சலவை இயந்திரம் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். அப்போதாவது வாயை மூடினாரா? "சக்கரதார்!" என்றார், உரக்க. பழக்கதோஷம்.

பிறகு சரிசெய்யக் கிளம்பினார். அங்கேதான் வினை. மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, "இன்னும் இருக்கு! உட்காருங்க! யாரும் தட்டாதீங்க!" என்று வரிசை வரிசையாக அமர்த்தினார். மச்சான் அடுத்த சீட்டிக்கு விரலை வாய்க்குக் கொண்டுபோனார். அதைப் பிடித்து இறக்கினார். இரண்டாவது சுற்று முடிந்தது. ஒருவரும் மூச்சு விடவில்லை.

"இன்னும் எவ்வளவு இருக்குங்க?" என்று நர்ஸ் மெதுவாகக் கேட்டார்.

"அது என்னன்னா," என்று லேபிள் குனிந்தார். "துக்டா மாதிரியே இருக்கும். ஆனா மொத்தத்தையும் மூணு தடவை வாசிக்கணும். ஒவ்வொரு சுத்துலயும் திஹாய் வரும், அதை நம்பிடக் கூடாது. கடைசிச் சுத்துல வர கடைசித் 'தா' மட்டும்தான் சம்முல விழும். விழறப்ப அப்படியே புல்லரிக்கும் பாருங்க, அந்த ஒரு இடத்துக்காகத்தான்..."

மண்டபம் அமைதியாக இருந்தது. ரொம்ப அமைதியாக இருந்தது. மூன்று வரிசைகளும் மேடையைப் பார்க்கவில்லை; கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, அனுமதிக்காக இவரையே பார்த்துக்கொண்டிருந்தன. லேபிள் திரும்பினார். அம்மையாரின் கைகள் மடியில் இருந்தன. ஹார்மோனியம் நின்றிருந்தது. முடிந்துவிட்டது.

கடைசி வரிசையில், இவருடைய பாடம் போய்ச் சேராத இடத்தில், வகை தெரியாத யாரோ தட்ட ஆரம்பித்தார்கள். அங்கிருந்து முன்னால் பரவி வந்தது. முன்வரிசைதான் கடைசியாகத் தட்டியது.

திரும்பி வரும்போது லேபிள் காரை ஓட்டினார். பின்சீட்டில் தபலா. அம்மையார் திட்டவில்லை. ஈரத்துண்டுக்கு அத்தனை பேச்சு பேசுகிறவர், இதற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது இவருக்கு. சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றதும் அம்மையார் கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும். நீங்க எல்லாரும் தட்டினதுல எனக்கு மெட்டு விட்டுப்போச்சு. டீச்சர் கையைப் பாத்து ஒரு குருட்டுத் தைரியத்துலதான் போனேன். கடைசித் 'தா' சம்முல விழுந்துச்சா?"

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"நல்லா இருந்துச்சுன்னாங்க. எல்லார்கிட்டயும் அதான் சொல்றாங்க, மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு. அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்க, விழுந்துச்சா?"

இப்படி ஒரு கேள்வியை யாராவது தன்னிடம் கேட்க மாட்டார்களா என்று எத்தனை கச்சேரியில் ஏங்கியிருப்பார் மனிதர்! இப்போது அவர் மனைவியே கேட்கிறார், நம்பிக் கேட்கிறார். விழுந்தது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் முகத்தைப் பார்த்தால் பொய் வரவில்லை.

"அது வந்து... சக்கரதார்ல என்னன்னா..."

"பேரு இருக்கட்டும். விழுந்துச்சா?"

"நான் கேக்கலை" என்றார் லேபிள். "முதுகைக் காட்டிக்கிட்டு நர்ஸுக்கு விளக்கிட்டிருந்தேன். நான் கேக்கவே இல்லை."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அலறியது. வண்டி நகரவில்லை.

"மண்டபத்துல இருந்த வாட்ச்மேன்கூடக் கேட்டாருங்க" என்றார் அம்மையார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். இந்த இனத்தைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு விவரமாகத் தெரிகிறது என்று கேட்டு என்னைச் சங்கடத்தில் மாட்டிவிடாமல் சிரியுங்கள். தபலா பக்கமே போகாதவர், மருந்துக்கடையும் இல்லாதவர், ஆகையால் தப்பித்தோம் என்றுதானே நினைக்கிறீர்கள்? சந்தோஷம். ஆனால் நடுவில் ஓர் இடத்தில், "ஓகோ, இது பெண்டாட்டியிடம் மூக்குடைபடுகிற புருஷன் கதை, முடிவு தெரிந்ததுதான்" என்று இரண்டு பத்தியைத் தாண்டி வந்தீர்களே, நான் பார்க்கவில்லை என்று நினைத்தீர்களா? இருக்கட்டும், நமக்குள் என்ன. உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிடுகிறார்கள். எதற்கு என்று உங்களுக்குத் தெரியும்தான். இருந்தாலும் எழுந்து போய், இந்த ஒரு தடவை, முழுசாகக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.